முத்தலிப் மேசனின் மூலைப்பெட்டி

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நோயையும் மருந்தையும் தாங்களே சொல்லிவிட்டுத்தான் சாமானை மேசையில் வைப்பார்கள். "ஐசி போயிட்டு, மாத்தி விடுங்க" என்பார்கள். ஐசி எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். கல்முனையில் இருபத்திரண்டு வருடங்களாக ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் திருத்துகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை. ஜீவராஜின் கைக்கு இருக்கிற நிதானம் அவன் வாய்க்கு இல்லை என்று காரைதீவில் என் வீட்டிலேயே சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் முத்தலிப் காக்கா சொன்ன நோயை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மூத்த முஸ்லிம் ஆண்களை இங்கே அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா என்போம். போன வருடம் மாசி மாதத்தில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பழைய சாரனில் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வயரைப் பிடித்துச் சோதித்தேன். கடதாசிக் கூம்பு கிழியவில்லை, உள்ளே சுருள் எரியவில்லை, நன்றாகவே இரைந்தது.

"இதில ஒண்டும் பிழையில்ல காக்கா."

"எனக்கும் தெரியும் தம்பி. இது மூணாவது. மூணும் நல்லதுதான். பெட்டிக்குள்ள வெச்சாத்தான் நுளம்பு கத்துற மாதிரிக் கீச்செண்டு கேக்கும்."

"அப்ப பெட்டியில ஏதோ பிழை."

"பெட்டியிலயும் பிழையில்ல. ஒரு ஆளுட வயிறெரிச்சல் அதுல இரிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. காசைத் தந்துவிட்டு, ஸ்பீக்கரைத் திரும்பவும் சாரனில் சுற்றினார். சுற்றிய விதத்தைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. குழந்தையைச் சுற்றுகிறவர்கள்கூட அவ்வளவு பக்குவமாகச் சுற்றமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று நானாகவே சொன்னேன்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது, வீடு கட்டுகிற மேசன். சாய்ந்தமருதில் பிறந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போனவர். நாற்பது வருடத்தில் எத்தனை வீடு கட்டினீர்கள் என்று கேட்டால் விரல் மடித்து எண்ணத் தொடங்கி, நடுவில் கைவிட்டுவிடுவார். அவருக்கென்று ஒரு வீடு கிடையாது. ஏழை என்பதால் அல்ல, இந்தக் கரையில் வழமை அப்படி. வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். உழைத்துக் கட்டுவதெல்லாம் முதலில் தங்கச்சிக்கு, பிறகு மகளுக்கு. எங்கள் ஆட்களிடமும் இதே கதைதான். நானும் மனைவியின் வீட்டில்தான் சோறு தின்கிறேன், ஆகவே இதில் நான் யாரையும் நக்கலடிக்கப் போவதில்லை.

ஊரில் அவருக்கு 'மூலை மேசன்' என்று ஒரு பெயர் இருந்தது. யாருடைய வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்க முதல் மூலையில் கை வைத்துப் பார்ப்பார். சுவர் இரண்டும் நேராகச் சேரவில்லை என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய ஆள் என்றாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமை மருதமுனைக்குப் போய், பெட்டியை இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தேன். என் நெஞ்சு உயரம். முன்பக்கம் வழுவழுப்பான தேக்குப் பலகை, அதில் ஒரு துளைகூட இல்லை. ஸ்பீக்கர் பெட்டி என்றால் முகத்தில் வட்டமாக ஓட்டை இருக்க வேண்டாமா? இது கதவில்லாத அலுமாரி போல நின்றது. பின்பக்கம் சதுரமாக இல்லாமல் இரண்டு பக்கமும் சரிந்து போய் ஒரு கூரில் முடிந்தது. அந்த இரண்டு பக்கங்களிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் அகலத்துக்குப் பிளவு.

"முப்பத்தேழு வருசமா இத ஸ்பீக்கர் எண்டு சொல்லிக்கிட்டு இரிக்கார்," என்றார் அவருடைய மனைவி மர்ஷூதா, தேத்தண்ணியை நீட்டியபடி. "நான் இதுக்கு மேல வெச்சித்தான் உடுப்பு அயன் பண்ணுற. மூத்தவள் முஸ்பிறா இந்த இடத்துக்குச் சோபா செற்றி வாங்கப் போறா. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் பெட்டி வெளிய போகணும் எண்டு சொல்லிட்டா."

"பாடினா வெளிய போகாதுதானே?" என்றார் முத்தலிப் காக்கா.

"பாடினாத்தானே."

மர்ஷூதா குசினிக்குப் போன பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "இது ஊட்டு ஆக்களுக்குத் தெரியாது தம்பி. உங்களுக்குச் சொல்லுறன்" என்று தொடங்கினார்.

அவருக்கு இருபது வயதில் அம்பாறைப் பக்கம் ஒரு பங்களாவில் சுவர் பூசப் போயிருந்தார். குளத்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட பறங்கி எஞ்சினியர் ஒருவரின் பங்களா. எஞ்சினியர் இறந்துபோயிருந்தார், அவருடைய மனைவி சாமானையெல்லாம் விற்றுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்தார். இந்தப் பெட்டியை மட்டும் யாரும் வாங்கவில்லை. நாலு பேர் இல்லாமல் தூக்க முடியாது. வேண்டுமென்றால் எடுத்துப் போ என்று சொல்லிவிட்டார். முத்தலிப் லொறி பிடித்துச் சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்து, தங்கச்சிக்கென்று தானே கட்டிய புது வீட்டின் மூலையில் வைத்தார். பின்பக்கம் கூராக இருந்ததால் மூலையில்தான் நிற்கும் என்று பட்டதாம். வேறு கணக்கு எதுவும் பார்க்கவில்லை.

தங்கச்சி பெயர் நபீஸா. ஆறு வயதில் வந்த நெருப்புக் காய்ச்சல் அவளுடைய காதைக் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் கதையை விளங்கிக்கொள்வாள். றேடியோ என்றால் அவளைப் பொறுத்தவரை ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். அன்றைக்கு முத்தலிப் பெட்டிக்கு வயர் கொடுத்துப் பாட்டைப் போட்டபோது, நபீஸா சுவரோரம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாளாம். சுளகைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். சுவரில் கை வைத்தாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, முதுகைச் சுவரில் சாய்த்து, "காக்கா, கேக்குது" என்றாள்.

"தம்பி, பன்னெண்டு வருசத்துக்குப் பிறகு அவள் அந்தச் சொல்லச் சொன்னாள்" என்றார்.

அந்தப் பெட்டியிலிருந்து வந்த மேளச் சத்தமும் அடித்தொண்டைக் குரலும் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் அவளுடைய முதுகுக்குப் போயின. ஆறு வருடம் அந்த இடம் அவளுடைய இடம். வேலை முடிந்ததும் அங்கே போய் இருப்பாள். உம்மாகூட அந்த இடத்தில் இருக்கமாட்டா.

பிறகு முத்தலிப்புக்குக் கலியாணம். வீடு தங்கச்சியுடையது, ஆனால் பெட்டி அவருடையது. மாப்பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாது என்று கூட்டாளிமார் உசுப்பேற்ற, பெட்டியை லொறியில் ஏற்றினார். நபீஸா ஒன்றும் சொல்லவில்லை. பாய் கொண்டுவந்து சுற்றித் தந்தாள், கயிறு கட்டவும் பிடித்தாள். மருதமுனைக்கு வந்து பெட்டியை இறக்கி வயர் கொடுத்தால் வெறும் கீச்சுச் சத்தம். மேளம் இல்லை, அடிக்குரல் இல்லை. ஸ்பீக்கரை மாற்றினார், வயரை மாற்றினார், அம்பிளிபயரை மாற்றினார். ஒன்றும் சரிவரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் உம்மாவைப் பார்க்கச் சாய்ந்தமருதுக்குப் போகும்போது நபீஸா வாசலிலேயே கேட்பாளாம்.

"பெட்டி பாடுதா காக்கா?"

"ஓம், நல்லாப் பாடுது."

"வெக்கமாக் கிடந்துச்சி தம்பி. அவளுட காதப் புடுங்கிக்கொண்டு வந்து பாழாக்கிட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுற? இண்டைக்குச் சரியாகும் நாளைக்குச் சரியாகும் எண்டு பொய்ய இழுத்துக்கிட்டே போனன். ரெண்டு வருசம் கேட்டாள். மறுகா ஒரு நாளையோட கேக்கிறத விட்டுட்டாள். மனசு வெறுத்திட்டு, வயிறெரிஞ்சிட்டு, அதான் பெட்டி செத்துப்போச்சு எண்டு நான் விளங்கிக்கிட்டன்."

இரண்டாயிரத்து நாலில் கடல் வந்தது. நபீஸாவையும் அவளுடைய மாப்பிள்ளையையும் அந்த வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. உம்மா அதற்கு முன்பே மௌத்தாகியிருந்தார்.

"ஒருக்காப் பாடணும் தம்பி. அண்டைக்குப் பாடின மாதிரி ஒரே ஒருக்கா. நான் அவளுக்குச் சொன்னது பொய்யாக் கிடக்கு. அது உண்மையாகணும். மறுகா செற்றி வாங்கட்டும், விறகாக் கொத்தட்டும், எனக்கு ஒண்டுமில்ல."

நான் திருப்புளியை எடுத்தேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

மேல்மூடியைக் கழற்றியதும் எனக்கு மூளை சூடேறியது. ஸ்பீக்கர் முன்னுக்குப் பார்க்காமல் உள்ளே ஒரு ஒடுங்கிய மர வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அங்கால் பலகைத் தடுப்புகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகாது. உள்பலகையில் தச்சன் பென்சிலால் 1961 என்று எழுதி, அங்குலக் கணக்குகளும் குறித்திருந்தான். கம்பெனித் தகடு எதுவும் கிடையாது. யாரோ படம் பார்த்துச் செய்வித்த பெட்டி. சத்தம் எந்தப் பாதையால் போகிறது என்று தெரியவில்லை. பெட்டியை உடைத்துப் பார்க்க மனமும் வரவில்லை.

"சாம்பிறாணி இருக்கா?" என்று கேட்டேன்.

மர்ஷூதா தணல் சட்டியோடு வந்தார். "இதுக்குப் பேய் ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஸ்பீக்கரைக் கழற்றி, அது இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சட்டியைப் பிடித்து, மட்டையால் மெதுவாக விசிறினேன். புகை உள்ளே போனது. முன்பக்கம் ஒன்றும் வரவில்லை. நான் விசிறி விசிறிக் களைத்துப்போன நேரம் முத்தலிப் காக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். பின்பக்கத்து இரண்டு பிளவுகளாலும், மேலிருந்து கீழ்வரை, ஒரே அளவாகப் புகை வந்துகொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதிக்காகப் படங்களை எடுத்து, பழைய சவுண்ட் செற் பைத்தியங்கள் கூடியிருக்கும் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று பேர் கோழிக்கூடு என்று பகிடி பண்ணினார்கள். கனடாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் ஒரு பழைய சஞ்சிகைப் படத்தை அனுப்பி, இரண்டு வரி எழுதியிருந்தார். நான் நினைத்தது சரி.

அடுத்த நாள் போய், பள்ளிவாசல் மினாராவைக் காட்டிச் சொன்னேன்.

"அங்க கட்டியிருக்கிற ஹோன் இருக்குதே, காக்கா, சின்ன வாயில தொடங்கி அகண்டு போகுமே, அதே சாமான்தான் இது. நீட்டா விட்டா இந்த வீட்டை விட நீளம் எண்டு மடிச்சு மடிச்சுப் பெட்டிக்குள்ள அடக்கியிருக்கான். ஆனா கடைசித் துண்டைச் செய்யல்ல. அகண்ட வாயை."

"ஏன் செய்யல்ல?"

"சுவர்தான் வாய். பெட்டியை மூலைக்குள்ள தள்ளி வெச்சா, ரெண்டு பக்கத்துச் சுவரும் சேர்ந்து ஹோனுட வாயாகும். மூலை இல்லாட்டி இது அரைப் பெட்டி. சுவர் ரெண்டு பக்கமும் ஆகக் குறைஞ்சது நாலடி முழுசா வேணும். கதவு, ஜன்னல் ஒண்டும் இருக்கப்படாது."

மேசனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் எழும்பிப் போய்ப் பெட்டிக்கு இடப்பக்கம் இருந்த கதவு நிலையில் கை வைத்தார். நிலைக்கும் மூலைக்கும் இடையில் ஒன்றேகால் அடிகூட இல்லை. வலப்பக்கம் ஜன்னல். கதவு திறக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியை மூலையிலிருந்து இழுத்துச் சரிவாக வேறு வைத்திருந்தார்கள்.

"இந்தக் கதவ நான்தான் வெச்சன்" என்றார். அந்த வீட்டைக் கட்டியதும் அவர்தான். வேலைச் சுத்தத்தைப் பார்த்துத்தான் மாமனார் பெண் கொடுத்தாராம்.

"அப்ப அவளுட வயிறெரிச்சல் இல்லயா?"

"இல்ல காக்கா. கதவு."

கண்டுபிடித்த பெருமையில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். முப்பத்தேழு வருடப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டோம் என்று எனக்குள் நினைப்பு. அவர் கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றார்.

"அங்க ரெண்டு பக்கமும் ஒம்பது அடி. நான் கட்டின சுவர்தான். ஒரு ஓட்ட இல்ல" என்றார். "அங்கயே விட்டிருந்தா அவளுக்குப் பதினாறு வருசம் பாடியிருக்கும்."

என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சாபம் இல்லை என்று சொல்லி ஆறுதல் கொடுத்தேன் என்று நினைத்தேன். நான் கொடுத்தது கணக்குப் பிசகாத குற்றம். சாபத்துக்காவது பாத்தியா ஓதி மன்னிப்புக் கேட்கலாம்.

இளைய மகள் நுஸ்ஹாவுக்கு அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கூரை போட்டாயிற்று, பூச்சு முடியவில்லை. அந்த வீட்டு ஹோலில் இரண்டு பக்கமும் முழுச் சுவராக ஒரு மூலை இருந்தது. வீட்டின் பிளான்படி அங்கே ஒரு வாசல் வர வேண்டும், இன்னும் உடைக்கவில்லை. வாசலைத் தள்ளிப் போடச் சொல்லி மகளிடம் கேளுங்கள் என்றேன். "புள்ளைட ஊடு தம்பி, அவ கேட்ட இடத்தில வாசல் வரட்டும். எனக்கு ஒரு பின்னேரம் காணும்" என்று முடித்துவிட்டார்.

சித்திரை மாதம் ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெட்டியை லேண்ட்மாஸ்டர் ட்ரெக்டரின் ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். மர்ஷூதாவும் கூட வந்தார், அயன் பண்ணுகிற மேசைக்கு வழியனுப்பு வைபவம் என்று சொல்லிக்கொண்டு. பெட்டியை மூலைக்குள் தள்ளினோம். அதன் சரிவு இரண்டு சுவரோடும் ஒரு நூல் பிசகாமல் பொருந்தியது. மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. அயல்வீட்டிலிருந்து கரண்ட் எடுத்து, என் அம்பிளிபயரைக் கொழுவி, போனில் தபேலா நன்றாகக் கேட்கும் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. உரத்த சத்தம் இல்லை. பெட்டியிலிருந்து வருகிறதாகவே தெரியவில்லை. முழு வீடும் அடித்தொண்டையால் பாடுகிற மாதிரி இருந்தது. நான் நின்ற சீமெந்துத் தரை என் குதிக்காலில் தட்டியது. சாந்து வாளியில் கிடந்த தண்ணீர் தபேலாவுக்குச் சுருங்கி விரிந்தது. மர்ஷூதா ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்றார்.

முத்தலிப் காக்கா பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, முதுகைச் சுவரில் சாய்த்தார். பிறகு மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் பார்க்காமல், இத்தனை வருடம் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"பாடுது எண்டு பொய் சொன்னன். ரெண்டு வருசம் நபீஸாட மூஞ்சப் பாத்துப் பொய் சொன்னன். பாடல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, கொண்டாங்க காக்கா எண்டிருப்பாள். அவளுட மூலைக்கே போய்ச் சேந்திருக்கும்."

மர்ஷூதா தரையில் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "அவவுக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பாடல்ல எண்டு. முஸ்பிறா வயித்துல இருக்கக்க ஒரு நாள் வந்தா. நீங்க நிந்தவூருக்கு வேலைக்குப் போயிருந்தீங்க. பெட்டியப் போடு மச்சி எண்டா, போட்டன். சுவரில முதுக வெச்சிப் பாத்தா. கைய வெச்சிப் பாத்தா. தரையில படுத்தும் பாத்தா. மறுகா எழும்பி, ஒண்டும் கேக்குதில்ல எண்டா. முகம் செத்துப்போச்சு. இஞ்ச இது சும்மாதான் கிடக்கு, கொண்டுபோங்க எண்டு நான் சொன்னன். அவ ஏலாது எண்டுட்டா. நல்லாப் பாடுது எண்டு காக்கா ஆசையாச் சொன்னவரு, நான் கொண்டுபோனா அவர் வெக்கப்படுவாரு, நான் வந்ததையே சொல்லாத எண்டு வாக்கு வாங்கிட்டுப் போனா. நீங்க இதப் பத்தி ஒரு நாளும் என்னோட கதைச்சதில்ல. நான் எப்பிடிச் சொல்லுற?"

அவர் விரலை மடித்து எதையோ எண்ணினார். வருடத்தை எண்ணியிருக்க வேண்டும்.

"அதுக்குப் பிறகுதான் அவள் கேக்கிறத விட்டாள்" என்றார். "எனக்குப் பொய் சொல்ல வேண்டி வராம."

இந்த நேரத்தில் பாட்டு என்னத்துக்கு என்று சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"குறைக்காதீங்க தம்பி" என்றார் முத்தலிப் காக்கா. சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை. "கூட்டுங்க. இந்தச் சத்தம் அவளுக்குக் காணாது."